தைக்கால் பிரம்பும் பரணில் கிடக்கும் நாற்காலியும்

சிதம்பரத்திலிருந்து சீர்காழிக்குப் போகும் வழியில் கொள்ளிடம் ஆற்றைத் தாண்டினால் மயிலாடுதுறை மாவட்டம். கொள்ளிடம் கடைத்தெருவைக் கடந்து கொஞ்ச தூரம் போனதும், சாலையோரக் கடைகளில் கூடை ஊஞ்சல்கள் வரிசையாகத் தொங்கும். தொட்டில், முக்காலி, சாய்வு நாற்காலி என்று வாசல் நிறைய அடுக்கியிருக்கும். அதுதான் தைக்கால். பிரம்புப் பொருட்களுக்குப் பேர்போன ஊர்.

காரில் வருகிறவர்கள் இறங்கி, பேரம் பேசி, புது ஊஞ்சல் வாங்கிப் போகிறார்கள். விவசாயக் குடும்பத்துக்கு இந்த ஊர் வேறு வகையில் உதவும். தாத்தா காலத்து ஈசி சேர் பின்னல் கிழிந்து பரணில் கிடக்கும். திண்ணையில் போட்ட நாற்காலி நடுவில் பள்ளம் விழுந்து கிடக்கும். டவுனில் கேட்டால், 'இதையெல்லாம் யார் சார் இப்ப பாக்குறாங்க, பிளாஸ்டிக் சேர் எடுத்துக்குங்க' என்பார்கள். பிரம்பை அறிந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

"தம்பி, இது தேறுமா?" என்று ஒரு பெரியவர் நாற்காலியை இறக்கி வைத்தால், தொழிலாளி கிழிந்த இருக்கையைப் பார்ப்பதில்லை. நாற்காலியைக் கவிழ்த்து, காலைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். நகத்தால் அங்கங்கே அழுத்துவார். "சட்டம் கெட்டியா இருக்குங்க ஐயா. கட்டும் பின்னலும்தான் போயிருக்கு." அவ்வளவுதான் சோதனை. பிரம்பு நாற்காலியில் பின்னல் என்பது தேய்வதற்கென்றே உள்ள பாகம். மாட்டு வண்டிக்குப் பட்டா மாற்றுவதுபோல அதை மாற்றிக்கொள்ளலாம். சட்டம் உளுத்துப்போயிருந்தால் மட்டும்தான் யோசிக்க வேண்டும்.

பிரம்பு மூங்கில் இல்லை. மூங்கில் புல் வகை, உள்ளே வெற்றிடம். பிரம்பு முள்ளோடு படர்ந்து ஏறும் பனைக் குடும்பத்துக் கொடி, உள்ளே நாரால் நிறைந்த கெட்டித் தண்டு. அதனால்தான் நெருப்பில் காட்டி வளைத்தாலும் உடையாமல் வளைந்து கொடுக்கிறது. பளபளப்பான மேல்தோலைச் சீவி எடுத்தால் பின்னுவதற்கும் கட்டுவதற்கும் நார் கிடைக்கும். நம் பக்கத்து நீர்க்கரைகளுக்கு இது புதிதல்ல. குளத்தோரப் பிரம்பின் கனியைக் கெண்டை மீன் கவ்வும் காட்சி குறுந்தொகையிலேயே வருகிறது. கொள்ளிடக் கரையிலும் ஒரு காலத்தில் பிரம்பு மண்டிக் கிடந்ததாகச் சொல்வார்கள். இன்றைக்குத் தைக்காலுக்கு அசாம், அந்தமான் என்று தூரத்திலிருந்து சரக்கு வந்து இறங்குகிறது. புதுச் சாமான் விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பழுது பார்ப்பதில் பொருள் கொஞ்சம்தான், கூலிதான் அதிகம். எனவே, எதை வீட்டிலேயே செய்யலாம், எதை இங்கே கொண்டுவர வேண்டும் என்று பிரித்துக்கொண்டாலே பாதிச் செலவு மிச்சம்.

பள்ளம் விழுந்த இருக்கைக்குப் பைசா செலவில்லை. நார் எதுவும் அறுந்திருக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, சுடுநீரில் நனைத்த துணியை இருக்கையின் அடிப்பக்கத்தில் அரைமணி நேரம் போட்டு வைக்க வேண்டும். மேல்பக்கத்துப் பளபளப்பு தண்ணீரை உள்ளே விடாது, அடிப்பக்கம்தான் குடிக்கும். பிறகு காற்றோட்டமான நிழலில் நன்றாகக் காய விட வேண்டும். காயும்போது நார் சுருங்கி, தளர்ந்த பின்னல் மத்தளத் தோல் மாதிரி விறைக்கும். முழுக்கக் காயும் முன்னால் யாராவது உட்கார்ந்துவிட்டால் பழைய பள்ளமே திரும்பிவிடும், குழந்தைகள் உள்ள வீட்டில் இதுதான் பெரிய சிரமம். பிரம்பு நிறத்தில் வரும் பிளாஸ்டிக் பின்னலுக்கு இந்த வைத்தியம் பலிக்காது.

கால்களும் கைப்பிடியும் சேரும் இடத்தில் தோல் சுற்றிய கட்டு அவிழ்ந்துவிட்டால் நாற்காலி ஆடத் தொடங்கும். உடனே சுத்தியலும் பெரிய ஆணியும் எடுப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் தவறு. தடித்த ஆணி பிரம்பைப் பிளந்துவிடும். அப்புறம் அந்தக் காலையே மாற்ற வேண்டியதாகிவிடும். மூட்டில் மரப்பசை தடவி, அரைமணி நேரம் தண்ணீரில் ஊறிய தோல் நாரை, பளபளப்பு வெளியே தெரியும்படி நெருக்கமாக இழுத்துச் சுற்ற வேண்டும். நுனியைக் கடைசிச் சுற்றுகளுக்கு அடியில் செருகி, சின்னக் குண்டூசி ஆணி ஒன்று அடித்தால் போதும். காய்ந்ததும் தானே இறுகிக்கொள்ளும். இதற்கான நாரைத் தைக்கால் பக்கம் போகும்போது கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றிரண்டு நார் மட்டும் அறுந்திருந்தால், பக்கத்து நார் போகும் வழியிலேயே ஊறிய புது நாரை மேலும் கீழுமாக நுழைத்து, இரு பக்கமும் நாலு விரல் அளவுக்குப் பழைய நாரோடு சேர்ந்து ஓடவிட்டு, நுனிகளை அடியில் மடக்கிவிடலாம். நிறம் வேறாகத் தெரியும், இருக்கட்டும். நாளாக ஆக அதுவும் பழுத்துவிடும்.

முழு இருக்கையும் போய்விட்டால் தொழிலாளியிடம்தான் போக வேண்டும். சட்டத்தில் துளை போட்டு ஆறு திசையில் நார் ஓடும் பின்னல், பழகிய கைக்கே ஒரு நாளுக்கு மேல் வாங்கும். இது கண்ணைவிட விரலை நம்பும் வேலை. பார்வையற்றோர் பயிற்சி நிலையங்களில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவதை வெகுகாலமாகக் கற்றுத் தருவது அதனால்தான். கொண்டுபோகும்போது கிழிந்த பின்னலை அறுத்து வீசிவிடாதீர்கள். எந்தப் பின்னல், எவ்வளவு அகல நார் என்பதற்கு அதுதான் மாதிரி. பழைய வார்னிஷைச் சுரண்டுவது, உப்புத்தாள் போடுவது, கடைசியில் வார்னிஷ் அடிப்பது எல்லாம் வீட்டு ஆட்களே செய்யக்கூடியவை. அந்தக் கூலியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை. நைலான் ஒயரில் பின்னினால் மலிவுதான், மழைக்கும் தாங்கும். ஆனால் வெயில் காலத்தில் முதுகு வேர்க்கும். களத்துமேட்டு நாற்காலிக்கு ஒயர், திண்ணை நாற்காலிக்குப் பிரம்பு என்று பிரித்துக்கொள்வது நல்லது.

நாற்காலிக்கு அடியில் மாவுபோல் கொட்டியிருந்தால் வண்டு துளைத்திருக்கிறது என்று அர்த்தம். அதை மற்ற சாமான்களிலிருந்து உடனே தள்ளி வைக்க வேண்டும். தட்டி மாவை உதிர்த்து, நகத்தால் அழுத்திப் பார்த்து, பொருபொருவென்று உள்ளே போகும் துண்டுகளை மட்டும் மாற்றச் சொல்லலாம். நாலு காலும் அப்படி என்றால் செலவு செய்யாதீர்கள்.

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வயலோடு வீடுகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்த நாட்கள் அவை. அப்படி வெள்ளத்தில் நின்ற பிரம்பு நாற்காலியைச் சேறு காய்வதற்குள் நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். பின்னல் சந்துகளுக்குப் பழைய பல்தேய்க்கும் பிரஷ் போதும். கறுப்புப் பூஞ்சணம் இருந்தால் சோப்புத் தண்ணீரில் தேய்க்கலாம். உச்சி வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும். நிழலில், காற்றில், கால்களுக்கடியில் செங்கல் வைத்து உயர்த்திக் காய வைக்க வேண்டும். பச்சை ஈரத்தோடு வார்னிஷ் அடித்தால் ஈரம் உள்ளேயே நின்று உளுத்துவிடும். பின்னக் கொடுப்பதாக இருந்தால் தை பிறந்த பிறகு கொண்டுபோவது மேல். ஐப்பசி, கார்த்திகையில் பின்னிய நார் காய நாளாகும்.