நொய்யல் கரையிலே

கோயமுத்தூருக்கு ரயிலில் போகும்போது, "திருப்பூரா? பனியன் ஊர்!" என்று சொல்லிவிட்டு மறுபடி புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துக் கொள்வீர்கள். ஒரு தடவை இறங்கித்தான் பாருங்களேன்!

உங்கள் பிள்ளை போட்டிருக்கும் பனியனில் எத்தனை பேர் கை பட்டிருக்கிறது, தெரியுமோ? நூலைத் துணியாகப் பின்னுகிறவர், சாயம் போடுகிறவர், வெட்டுகிறவர், தைக்கிறவர், பிசிறு நீக்கும் பெண்கள், இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடுக்குகிறவர்... 2011 ஜனவரியில் இந்த வரிசை நடுவிலே அறுந்தது. நொய்யலில் சாயக் கழிவு கலந்ததால், 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயம் ஏறாத துணியை எப்படித் தைப்பது? பெரிய முதலாளிகள் வெளியூருக்கு அனுப்பிச் சாயமேற்றினார்கள்; சிறியவர்களுக்குக் கட்டுப்படியாகுமா? சனிக்கிழமைச் சம்பளம் நின்றதும் மளிகைக் கடைப் பற்று ஏறியது, வாடகை நின்றது. பல குடும்பங்கள் சட்டி பானையோடு சொந்த ஊருக்குப் புறப்பட்டன.

கோர்ட்டின்மேல் கோபம் வருகிறதா? கொஞ்சம் கிழக்கே, ஒரத்துப்பாளையம் வரை வாருங்கள். பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்த அணை. தேங்கியதோ சாயத் தண்ணீர்! 'திறந்து விடாதீர்கள்' என்று விவசாயிகளே கெஞ்சும்படி ஆயிற்று. அந்த வீடுகளிலும் அடுப்பு எரிய வேண்டாமா?

பிறகு, கழிவைச் சுத்திகரித்து, ஒரு சொட்டும் வெளியே விடாத பட்டறைகள் மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்தன. செலவு தாங்காத சிறு பட்டறைகள் பல பூட்டியபடியே நின்றுவிட்டன.

ரயிலடியில் இன்றும் மூட்டை முடிச்சுடன் ஆட்கள் இறங்குகிறார்கள். மதுரைத் தமிழோடு இப்போது ஒடியாவும் இந்தியும் காதில் விழுகின்றன.