மருமகனின் பிக்கப்பும் அப்பாவின் சைலன்சரும்

கடந்த கோடைகாலத்தில் ரொறன்ரோவில் அக்கா வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோவில் அவருடைய வீடு. மகன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன், வயது இருபத்தைந்து. கட்டட வேலைக்கென ஃபோர்ட் எஃப்-150 பிக்கப் ஒன்று வைத்திருக்கிறான். ஐந்து லீற்றர், எட்டு சிலிண்டர் இயந்திரம். எங்கள் ஊர் ஒழுங்கை எதற்குள்ளும் நுழையாத அகலம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆளுயரப் பெட்டியொன்று வீட்டு வாசலில் வந்து இறங்கியது. உள்ளே பளபளக்கும் துருப்பிடிக்காத உருக்குக் குழாய்களும் புதிய சைலன்சரும் இருந்தன. வண்டியோடு தொழிற்சாலையிலிருந்து வந்தவற்றைக் கழற்றிவிட்டு இவற்றைப் பூட்டப் போவதாகச் சொன்னான். பழையதில் என்ன குறை என்று கேட்டேன். செய்தியாளனின் பழக்கம் எங்கு போனாலும் விடுவதில்லை.

“குறையொன்றும் இல்லை மாமா. சத்தம் காணாது.”

இயந்திரத்தின் வலு கூடாதா என்றேன். கூடினாலும் ஓட்டுபவனுக்குத் தெரியாத அளவுதான் என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னான். நச்சு வாயுவை மாற்றும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரில் அவன் கைவைக்கவில்லை. அதை அகற்றுவது சட்டவிரோதம். உள்ளே பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பதால் கள்வர்களே அதை இரவோடிரவாக அறுத்துச் செல்கிறார்கள். அவன் மாற்றியது அதற்குப் பின்னாலுள்ள பகுதியை மட்டுமே.

பனிக்காலத்தில் வீதிக்குக் கொட்டும் உப்பு அந்நாட்டு வண்டிகளின் அடிப்புறத்தைத் தின்றுவிடுகிறது. ஆகவே வெள்ளி இரவே நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விசிறி வைத்தான். மறுநாட் காலை பின்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, இரும்புத் தாங்கிகளை வைத்த பின்னரே கீழே படுத்தான். அரைவாசி நேரம் ஒரேயொரு நட்டுக்குப் போயிற்று. சைலன்சர் தொங்கும் றப்பர்களைக் கழற்றச் சவர்க்காரத் தண்ணீர் கேட்டான்; கொண்டுபோய்க் கொடுத்தேன். புதிய குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, கிளாம்புகளைக் கையால் மட்டும் முடுக்கிவிட்டு, குழாய் மேலதிகச் சக்கரத்திலோ பிரேக் குழாயிலோ முட்டவில்லை என்று விரலை விட்டுப் பார்த்தான். எல்லாம் நேராக நின்ற பிறகே முன்னாலிருந்து பின்னாக ஒவ்வொன்றாய் இறுக்கினான். முதலிலேயே ஒன்றை இறுக்கினால் கடைசிக் குழாய் கோணலாகத்தான் வந்து நிற்குமாம். நூறு கிலோமீற்றர் ஓடிய பின்னர் மறுபடியும் இறுக்க வேண்டுமாம்.

(சைலன்சருக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. மக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவரின் மகன் ஹிராம் பேர்சி மக்சிம். துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் குழாய்க்கு 1909இல் காப்புரிமை பெற்ற அவரே பின்னர் இயந்திரங்களின் சத்தத்தை அடக்கும் சாதனங்களையும் செய்தார்.)

பிற்பகல் இரண்டு மணியளவில் வண்டியை இயக்கினான். புதுக் குழாயில் ஒட்டியிருந்த எண்ணெய் கருகி மெல்லிய புகை எழுந்தது. சத்தம் நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அவன் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி. ஆர்வத்தில் இரண்டு முறை உறுமவிட்டான்.

அகப்பையும் கையுமாக அக்கா வாசலுக்கு ஓடிவந்தார். வண்டியை அவர் பார்க்கவில்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

மருமகனுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. அப்பாவிடம் பழைய ஒஸ்ரின் ஏ-40 பிக்கப் ஒன்று இருந்தது. கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அந்நாட்களில் பல வண்டிகள் அவ்வாறே ஓடின. நீர்வேலியிலிருந்து வாழைக்குலை ஏற்றித் திருநெல்வேலிச் சந்தைக்குப் போவோம். பின்பெட்டியில் குலைகளின் மேல் நானும் அக்காவும் இருப்போம். வானம் பார்ப்பது அக்காவின் பொறுப்பு. ஹெலிகொப்டர் இன்னும் புள்ளியாகக்கூடத் தெரியாதபோதே அவருக்குக் கேட்டுவிடும். கூரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். அப்பா மரநிழலில் நிறுத்துவார்.

1992இல் சைலன்சர் உக்கி ஓட்டை விழுந்தது. மாற்றுவதற்குச் சாமான் இல்லை. சத்தத்தோடு ஒரு கிழமை ஓடினோம். ஒரு நாட் காலை, முன்னால் சைக்கிள்களில் சென்றவர்கள் சைக்கிள்களை வீதியில் எறிந்துவிட்டு மதகுக்குக் கீழே பாய்வதைக் கண்டபோதுதான் நிமிர்ந்தோம். ஹெலிகொப்டர் தலைக்கு நேர்மேலே நின்றது. எங்களோடு பின்பெட்டியில் வந்த வியாபாரி ஒருவரின் காலைச் சன்னம் துளைத்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. தன் காது பிழைத்துவிட்டது என்று அக்கா பல நாட்கள் அழுதார். பிழை காதில் இல்லை என்று எவ்வளவோ சொன்னோம்.

அன்று மாலையே அப்பா பால்மாத் தகரப்பேணிகளை வெட்டி விரித்து, ஓட்டையைச் சுற்றிப் போர்த்திக் கம்பியால் வரிந்து கட்டினார். பத்து நாளைக்கொரு தடவை அது எரிந்துபோகும். மறுபடியும் கட்டுவார். வண்டியின் சத்தத்தை அடக்குவது அப்போது நாகரிகத்துக்காகவோ அயலவருக்காகவோ அன்று. மேலேயிருந்து வருவது எங்கள் காதுக்குக் கேட்க வேண்டும், அவ்வளவே.

இதையெல்லாம் அன்றிரவு மருமகனுக்குச் சொன்னவர் அக்காதான், நானல்ல. குற்றஞ்சாட்டும் தொனியில் சொல்லவில்லை. கோப்பைகளைக் கழுவியபடி, ஏதோ ஊர்க்கதைபோலச் சொன்னார். அந்த வியாபாரியின் பெயரை அவர் மறந்திருக்கவில்லை. மருமகன் இடையில் ஒரேயொரு கேள்விதான் கேட்டான்: “அப்போது உங்களுக்கு எத்தனை வயது, அம்மா?” இருபத்தாறு என்றார்.

மறுநாள் ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் தேடி வாசித்தேன். உள்ளீடு அகற்றிய சைலன்சரையும் நேர்க்குழாயையும் அதன் 75ஆம் பிரிவு தடைசெய்கிறது. அளவுக்கு மிஞ்சிய சத்தத்தையும் தடைசெய்கிறது. மருமகன் பூட்டியதில் சைலன்சர் இருந்தது. அளவு எதுவென்று பொலிஸ்காரர் தீர்மானிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் கிழமை முழுவதும் அவன் காலையில் வண்டியைத் தெருமுனை வரைக்கும் மிக மெதுவாக உருட்டிச் செல்வதைக் கவனித்தேன். அடுத்த சனிக்கிழமை இன்னொரு பெட்டி வந்தது. சற்றுப் பெரிய, அமைதியான சைலன்சர். 401 நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது அந்த உறுமல் மண்டைக்குள் ரீங்கரித்துத் தலையிடி வருகிறது என்று காரணம் சொன்னான். அக்கா நம்பியதாகவே காட்டிக்கொண்டார்.

“இதனால் எவ்வளவு காசு நட்டம்?” என்று மட்டும் கேட்டார். அவன் பதில் சொல்லாமல் வண்டிக்குக் கீழே போய்விட்டான். நான் சவர்க்காரத் தண்ணீர் எடுத்துவரப் போனேன்.