சாம்பல் நிறப் பெயர்கள்

என் ஆய்வைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதும்போதெல்லாம் உள்பெட்டிக்கு ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. "இத்தனை வசவுகளைத் தாங்கும் மனம் அந்தப் பெண்களுக்கு எப்படி வாய்த்தது?" கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆயினும் 'தாங்குதல்' என்ற அந்தச் சொல்லோடு எனக்குத் தீராத பிணக்கு உண்டு. தில்லியில் இருந்தபடி, வெப்கேம் வழியாக வயது வந்தோருக்கான நிகழ்ச்சிகள் நடத்துபவர்களின் உழைப்பை நான்கு ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறேன். நான் பேசியவர்களுள் எவரும் வசவைத் தாங்கிக்கொண்டு அமர்ந்திருக்கவில்லை. தச்சர் மரத்தின் கணுவைக் கையாள்வதுபோல அதைக் கையாண்டார்கள். எங்கே உளி படக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இத்தொழில் நடக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ருமேனியாவிலும் கொலம்பியாவிலும் ஸ்டுடியோ வைத்து நடத்துகிறார்கள். மற்ற நாடுகளில் பலர் வீட்டு அறையிலிருந்தே தனியாக நடத்துகிறார்கள். பெரிய தளங்களில் பொது அறைக்குள் யாரும் கட்டணமின்றி நுழையலாம், பார்க்கலாம், அரட்டைப் பெட்டியில் எழுதலாம். விரும்பினால் டோக்கன் வாங்கி நிகழ்த்துநருக்குக் கொடுக்கலாம். 2011இல் தொடங்கிய சாட்டர்பேட் என்னும் தளத்தில் ஒரு டோக்கனுக்கு நிகழ்த்துநரின் கைக்குச் சேர்வது 5 அமெரிக்க சென்ட். வாங்குபவர் அதற்கு ஏறத்தாழ இரு மடங்கு கொடுத்திருப்பார், எஞ்சியது தளத்துக்கு. டோக்கன் எதுவும் இல்லாதவரின் பெயர் அரட்டைப் பெட்டியில் சாம்பல் நிறத்தில் தெரியும். வாங்கியவர்களுக்கும் கொடுத்தவர்களுக்கும் வேறு வேறு நிறங்கள். ஆக, ஒருவர் வாய் திறக்கும் முன்பே அவர் கையில் காசு இருக்கிறதா என்பது அறைக்குத் தெரிந்துவிடும். நம் ஊர்த் திருமண வீடுகளில் மொய் எழுதும் மேசைகூட இவ்வளவு வெளிப்படையானது அன்று.

வசைபாடுபவர்களுள் பெரும்பகுதியினர் இந்தச் சாம்பல் பெயர்கள்தாம் என்று என்னிடம் பேசிய அனைவரும் சொன்னார்கள். இதைப் பணமில்லாதவனின் பொறாமை என்று சொல்லிக் கடந்துவிடலாம். நான் 'தீதி' என்று அழைக்கும் ஒருவர் வேறொரு விளக்கம் தந்தார். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இந்தியாவின் ஒரு நகரத்திலிருந்து ஏழு ஆண்டுகளாக இத்தொழிலைச் செய்பவர். அதற்குமேல் அவரைப் பற்றிச் சொல்லும் உரிமை எனக்கில்லை. இந்தியில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "நான் என்ன விற்கிறேன் என்று நினைக்கிறாய்? உடம்பையா? அது இணையத்தில் இலவசமாகவே கொட்டிக் கிடக்கிறது. ஒருவன் எழுதுகிறான், நான் அவன் பெயரைச் சொல்லிப் பதில் தருகிறேன், சிரிக்கிறேன். அதற்குத்தான் காசு. வசை எழுதுகிறவனுக்கும் அதே சரக்குதான் வேண்டும். என் முகம் அவனால் மாற வேண்டும். அதைச் சும்மா கொடுத்தால் காசு கொடுத்தவனுக்கு நான் செய்வது துரோகம் அல்லவா?"

இதைக் கேட்டபின் என் இயலில் பாதியைத் திருப்பி எழுதினேன். அதுவரை 'மௌனம்' என்று நான் குறித்துவைத்திருந்ததெல்லாம் உண்மையில் விலை நிர்ணயம். சிலர் அதை வெளிப்படையாகவே செய்கிறார்கள். ஒருவன் அவர் உடல் பருமனைப் பற்றி ஏதோ எழுதுகிறான். அவர் முகம் மாறாமல், "அந்தக் கருத்துக்கு இருநூறு டோக்கன், அன்பரே" என்கிறார். அறை சிரிக்கிறது. ஒன்று அவன் கொடுக்க வேண்டும், அல்லது காசில்லாதவன் என்று எல்லார் முன்னிலையிலும் ஒத்துக்கொள்ள வேண்டும். உண்மையாகவே கொடுத்துவிட்டு அடங்கிப்போனவர்களும் உண்டாம்.

முகம் என்று தீதி சொன்னதை நான் பிறகுதான் முழுமையாக விளங்கிக்கொண்டேன். முகநூலில் நம்மை ஒருவர் வைதால் நாம் அதைத் தனியே படிக்கிறோம். உதடு துடித்ததும் கண் கலங்கியதும் வைதவருக்குத் தெரியாது. குளித்துவிட்டு வந்து, தேநீர் குடித்துவிட்டு, நிதானமான ஒரு பதிலை எழுதி நம்மை அமைதியானவர்களாகக் காட்டிக்கொள்ளலாம். வெப்கேமில் அந்த வசதி இல்லை. வசையைப் படிக்கும் கணத்தில் படிப்பவரின் முகம் உயர்தரக் காணொளியில் அவன் திரையில் இருக்கிறது. அவன் எழுதியது அந்த ஒரு நொடியைக் காண்பதற்காகவே.

எனவே அந்த நொடியைச் சுற்றித்தான் தொழில்நுணுக்கம் முழுவதும் அமைகிறது. தீதி அரட்டைப் பெட்டியை கேமராவின் கண்ணுக்கு நேர் கீழே ஒடுக்கமாக வைத்திருக்கிறார். விழி அசைந்தால் எதைப் படித்தார் என்று தெரிந்துவிடுமல்லவா? வசை வந்தால், பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை நிறுத்தாமல் முடித்துக்கொண்டே, கட்டத்துக்கு வெளியே இருக்கும் வலக்கையால் அந்தப் பெயரை வெளியேற்றிவிடுகிறார். தொடக்கத்தில் வாக்கியம் உடைந்துவிடும் என்றும், பழக ஓராண்டு ஆயிற்று என்றும் சொன்னார். கண்ணாடி முன் அமர்ந்து, யாரோ எழுதிய வசைகளைப் படித்துக்கொண்டே சமையல் குறிப்பு சொல்லிப் பயிற்சி செய்தாராம். ராஜ்மாவுக்கு இன்றும் அந்த நினைவு வருகிறது என்று சிரித்தார்.

ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1983இல் வெளியிட்ட நூலில், விமானப் பணிப்பெண்களை முன்னிறுத்தி 'உணர்ச்சி உழைப்பு' என்ற கருத்தை விளக்கினார். எங்கள் துறையில் அதை மேற்கோள் காட்டாமல் யாரும் இருமக்கூட மாட்டார்கள். கருத்து இங்கும் பொருந்துகிறது. ஆயினும் ஒரு வேறுபாட்டை நான் வலியுறுத்த விரும்புகிறேன். முரட்டுப் பயணியிடமும் சிரிக்க வேண்டும் என்பது விமான நிறுவனத்தின் கட்டளை. வெப்கேம் நிகழ்த்துநரோ அவனை நடுவானிலேயே இறக்கிவிடலாம். இந்த அதிகாரம் சிறியதன்று. பள்ளி ஆசிரியையாகவும் வரவேற்பாளராகவும் முன்பு வேலை பார்த்த இருவர், அந்த வேலைகளில் தாங்கள் பட்ட அவமானங்களோடு ஒப்பிட்டு இதைச் சொன்னார்கள். ஏஞ்சலா ஜோன்ஸ் 2020இல் வெளியிட்ட 'கேமிங்' என்ற நூல் (கணினி விளையாட்டைப் பற்றியது அன்று, கேமராவிலிருந்து பிறந்த சொல்) இத்தொழிலின் இன்பத்தையும் வருவாயையும், கூடவே திருட்டுப் பதிவையும் இனவெறியையும் ஒருசேரப் பேசுகிறது. பரிதாபப்படுவதற்கென்றே ஆய்வு செய்பவர்கள் அதைப் படித்தால் நல்லது.

தீதியிடம் ஒரு சொற்பட்டியல் உண்டு. தளத்தில் தடைசெய்ய வேண்டிய சொற்களை நாமே சேர்த்துக்கொள்ளலாம். அச்சொல் வந்தால் அந்த வரி திரையில் தோன்றாது. அதற்காகச் சேர்க்கத் தொடங்கிய பட்டியல் இன்று ஓர் அகராதி அளவுக்கு வளர்ந்திருக்கிறது. ஆங்கிலம், ஸ்பானியம், இந்தி, பஞ்சாபி எல்லாம் ரோமன் எழுத்தில் உள்ளன. எழுத்துக்குப் பதில் எண்ணைப் போட்டும், நடுவில் புள்ளி வைத்தும் தடையைத் தாண்டப் பார்க்கும் வடிவங்கள் தனியே. தமிழில் சில சொற்களைக் காட்டிப் பொருள் கேட்டார், சொன்னேன். அகராதியியல் படித்தவர்கள் பார்த்தால் மகிழ்வார்கள், பார்த்த பின் வருந்துவார்கள். இந்திய மொழி வசைகள் அவரைத் தொடுவதே இல்லை. அவருடைய தாயையும், தமக்கையையும், சாதியையும்தான் தொடுகின்றன.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. பெரும்பாலான தளங்களில் குறிப்பிட்ட நாடுகளுக்குத் தன் அறை தெரியாதபடி அடைத்துவிடலாம். தீதி இந்தியாவை அடைத்திருக்கிறார். உறவினர் யாரும் பார்த்துவிடக் கூடாது. அப்படியானால் இந்தி வசை எங்கிருந்து வருகிறது? வெளிநாட்டில் வாழ்பவனிடமிருந்து, அல்லது வி.பி.என். போட்டுச் சுவரேறிக் குதித்தவனிடமிருந்து. "இந்தியில் ஒருவன் வைதால் எனக்கு வசை காதில் விழாது. இவன் எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறான் என்றுதான் மனம் ஓடும்" என்றார் தீதி.

பாதுகாவலர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெடுநாளாக வரும் பார்வையாளர் சிலரை நிகழ்த்துநர் மாடரேட்டராக நியமிப்பார். வசைபாடுபவனை வாயடைக்கவும் வெளியேற்றவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு, சம்பளம் கிடையாது. நல்ல மாடரேட்டர் கிடைப்பது பேறு. ஆனால் வெள்ளைக் குதிரையில் வரும் வீரர்களே இவர்களுள் மிகுதி. ட்ரோல் ஒரு வரி எழுதினால் வீரர் பத்து வரி எழுதுவார். அறை போர்க்களமாகும், அமைதியாகக் காசு கொடுத்துக்கொண்டிருந்தவர் நழுவிவிடுவார். போதாக்குறைக்கு, காத்தவருக்கு நாளடைவில் ஓர் உரிமை வந்துவிடுகிறது. ஏன் நேற்று வரவில்லை, அவனிடம் ஏன் அவ்வளவு நேரம் பேசினாய் என்று கேட்கத் தொடங்குகிறார். வசைபாடுபவனை வெளியேற்ற ஒரு சொடுக்கு போதும் என்றும், காவலனை வெளியேற்ற மூன்று மாதம் பிடித்தது என்றும் ஒருவர் என்னிடம் சொன்னார். என் தனிப்பட்ட கருத்து, இத்தொழிலில் களைப்பைத் தருவது ட்ரோல்களைவிட இந்த வீரர்கள்தாம்.

இடையில் என்னைப் பற்றி ஒரு சொல். கட்டணமின்றிப் பார்க்க வரும் ஆய்வாளரும் ஒரு சாம்பல் பெயர்தான். அதனால் ஆய்வின் தொடக்கத்திலேயே, பேசும் நேரத்துக்கு அவரவர் கேட்கும் கட்டணத்தைக் கொடுப்பது என்றும், பொது அறைகளில் ஒளிந்து நின்று குறிப்பெடுப்பதில்லை என்றும் முடிவு செய்தேன். உதவித்தொகையில் பெரும்பகுதி இப்படித்தான் போயிற்று. சென்ற ஆண்டு என் உரை பற்றிய அறிவிப்பு வெளியானபோது அதன்கீழ் எனக்கும் வசைகள் குவிந்தன. தீதியின் பட்டியலிலிருந்து நூறு சொற்களை எடுத்து என் பக்கத்தின் தடைப்பட்டியலில் இட்டேன். மறுநாள் காலை வெகு அமைதியாக விடிந்தது.

இனிச் சொல்லப்போவது இந்த உத்திகள் எதுவும் செல்லாத இடம்.

ஈராண்டுக்கு முன் ஒரு சுவரேறி வந்தவன் தீதியின் நிகழ்ச்சியைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து, அதிலிருந்து ஒரு படத்தையும், அவர் வசிக்கும் பகுதியின் பெயரையும் அனுப்பினான். பணம் கேட்டான். தராவிட்டால் குடும்பத்துக்கு அனுப்புவேன் என்றான். இங்கே மௌனத்துக்கு விலை கிடையாது. அவனுக்கு வேண்டியது அவர் முகம் அன்று.

சட்டம் என்ன சொல்கிறது? பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி, ஒரு பெண் படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும் அதைப் பிறருக்குப் பரப்பச் சம்மதிக்காதபோது பரப்புவது குற்றம். 2026இல் திருத்தப்பட்ட 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, அத்தகைய படத்தைப் பற்றி அவர் புகார் அளித்தால் 2 மணி நேரத்துக்குள் தளம் அதை நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். பாலியல் தொழிலாளர்களைக் காவலர்கள் கண்ணியத்தோடு நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் பணித்தது. எல்லாம் தாளில் இருக்கின்றன. அதே தாளின் மறுபக்கத்தில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவு இருக்கிறது: வெளிப்படையான பாலியல் காட்சியை மின்னணு வடிவில் வெளியிடுவோருக்கோ அனுப்புவோருக்கோ முதல் முறை 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும். அனுப்பியவர் யார் என்று அதிகாரி கேட்டால் முதலில் சுட்டப்படுபவர் புகார் கொடுக்க வந்தவரே. பதிப்புரிமைப் புகாராக அமெரிக்க முறைப்படி நீக்கக் கோரினால், அந்த அறிவிப்பில் புகார்தாரரின் பெயரும் தொடர்பு விவரமும் வேண்டும். மறைக்க வேண்டியதையே எழுதிக் கொடுத்தால்தான் மறைப்பார்கள்.

தீதி காவல் நிலையத்துக்குப் போகவில்லை. அவனுக்குப் பதிலும் அனுப்பவில்லை. அவன் அனுப்பிய ஒவ்வொரு செய்தியையும் நாள், நேரத்தோடு சேமித்தார். கடவுச்சொற்களை மாற்றினார். 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்னும் சேவையில் அந்தப் படத்துக்கான எண் அடையாளத்தைப் பதிந்தார். படம் நம் கணினியை விட்டு வெளியேறாமல், அதன் அடையாளம் மட்டும் பங்குபெறும் தளங்களுக்குப் போகும் ஏற்பாடு அது. பிறகு இரவு வண்டி பிடித்துத் தங்கையின் ஊருக்குப் போய், அவன் சொல்வதற்கு முன் தானே சொன்னார்.

தங்கை இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், தன் கல்லூரிக் கட்டணம் இதிலிருந்துதான் வந்ததா என்று கேட்டார். ஆம் என்றார் தீதி. "அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் சொல்ல வேண்டாம்" என்றாராம் தங்கை. என்ன சொன்னார், சொன்னாரா இல்லையா என்பது தீதிக்கு இன்றுவரை தெரியாது. அம்மா வழக்கம்போலத் தொலைபேசியில் மூட்டுவலியைப் பற்றிப் பேசுகிறார்.

அவன் மேலும் நான்கு முறை எழுதினான். பிறகு எழுதவில்லை. சேமித்த செய்திகள் அடங்கிய கோப்பைத் தீதி எனக்கும் ஒரு படி அனுப்பிவைத்திருக்கிறார், அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் இருக்கட்டும் என்று. நாற்பத்தொரு பக்கம். எந்த அலுவலகத்தின் மேசையில் அதை வைக்கலாம் என்று எங்களுக்குத் தெரிந்த மூன்று வழக்கறிஞர்களிடம் கேட்டோம். மூவரும் இப்போதைக்கு வீட்டிலேயே வைத்திருக்கச் சொன்னார்கள்.