ஒரு வீடு, இரண்டு தரகர்

கோலா சுங்கை பாருவில் கம்பளிக் குல்லா போட்ட மனிதரைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். மலாக்கா நீரிணையிலிருந்து வரும் காற்று நடுராத்திரியிலும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஆனால் மஸ்ஜித் தானா பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஜாகா வேலை பார்க்கும் நேப்பாளத்துக்காரர் மழைநாட்களில் இரவு வேலைக்கு மோட்டாரில் வரும்போது, சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாய்க் கோடு போட்ட குல்லாவைக் காது மூடப் போட்டுக்கொண்டுதான் வருவார். அங்கே சூப்பர்வைசராக இருக்கும் என் நண்பர்தான் அவரை அறிமுகப்படுத்தினார். எங்கள் பேச்சு முழுக்க மலாய். "அண்ணே" என்ற ஒரு சொல் மட்டும் தமிழ். "வீட்டுக்காரி பின்னினது, அண்ணே. கடைக்குப் போக வேண்டியதில் ஒன்று மிச்சமாச்சு" என்றார். எந்தக் கடை, எந்த ஊர் என்று கேட்கக் கேட்கக் கதை நீண்டது. அந்த நவம்பரில் நான் காட்மாண்டு போவதாக இருந்தது. "அப்போ எங்க வீட்டுக்கும் போய்ட்டு வாங்க" என்று விலாசம் எழுதிக் கொடுத்தார்.

காட்மாண்டுவின் தமேல் கடைத்தெருவில் இந்தக் குல்லாக்கள் தோரணம் போலத் தொங்குகின்றன. மேலே ஒரு குஞ்சம், இரண்டு காதுமடல், மடல் நுனியில் பின்னிவிட்ட கயிறு. மலையேற வரும் வெள்ளைக்காரர்கள் இரண்டு மூன்றாய் அள்ளிப்போகிறார்கள். இதே சரக்கு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பெட்டி பெட்டியாகப் போகிறது. நேப்பாள ஆட்டின் ரோமம் என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். நம்ப வேண்டாம், பெரும்பகுதி நியூசிலாந்துக் கம்பளி.   

ஜாகாவின் வீடு லலித்பூர் நகரத்தின் ஓரத்தில். வாடகைக்கு எடுத்த ஒரே அறை. சொந்த ஊர் சிந்துபால்சோக் மாவட்டம். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் மற்ற எந்த மாவட்டத்தையும்விட அதிக உயிர்களைப் பலிகொடுத்த மாவட்டம் அது. இவர்கள் வீட்டில் உயிர்ச்சேதம் இல்லை, கல்வீடு மட்டும் சரிந்துவிட்டது. அடுத்த வருஷமே கணவர் மலேசியா கிளம்ப, இந்த அம்மா இரண்டு பிள்ளைகளோடு காட்மாண்டுப் பள்ளத்தாக்குக்கு இறங்கி வந்து ஊசி பிடித்திருக்கிறார். அவருக்குத் தெரிந்தது நேப்பாளியும் கொஞ்சம் இந்தியும். எனக்கு இரண்டும் அரைகுறை. கடைசியில் கணவரையே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டோம். நான் மலாயில் கேட்க, மஸ்ஜித் தானாவிலிருந்து அவர் நேப்பாளியில் மனைவியிடம் கேட்டுச் சொன்னார்.

வேலை காதுமடலில் தொடங்குகிறது. ஏழெட்டுக் கண்ணி போட்டு, வரிசை ஏற ஏற இருபக்கமும் ஒவ்வொரு கண்ணி கூட்டினால் நாக்கு போல ஒரு துண்டு விரிகிறது. அப்படி இரண்டு. பிறகு இரண்டு மடலுக்கும் நடுவே புதுக் கண்ணிகள் ஏற்றி வட்டமாக இணைக்கிறார். நெற்றிப் பக்கம் இடைவெளி அகலம், பிடரிப் பக்கம் குறைவு; அப்போதுதான் மடல் காதுமேல் சரியாக உட்காரும். வட்டம் சேர்ந்ததும் மூன்று ஊசிகள் கண்ணிகளைத் தாங்க, நான்காவது ஊசி பின்னிக்கொண்டே சுற்றி வருகிறது. அறை முழுக்க அந்த டிக் டிக் ஓசை. பேசும்போதும், பாலைப் பார்க்கும்போதும், பிள்ளையை அதட்டும்போதும் அது நிற்கவில்லை.

கோடு போடுவது சுலபம், நிறத்தை மாற்றினால் போதும் என்றுதான் தோன்றும். வட்டப் பின்னல் உண்மையில் வட்டமே அல்ல, ஏறிக்கொண்டே போகும் சுருள். அதனால் ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கோடு சேராமல் படி விழும். அம்மா அதை மறைக்கும் விதத்தைக் காட்டினார். புது நிறத்தில் ஒரு சுற்று முடிந்து முதல் கண்ணிக்குத் திரும்பி வந்ததும், அதற்கு அடியிலிருக்கும் பழைய நிறக் கண்ணியின் காலைத் தூக்கி ஊசியில் ஏற்றி, இரண்டையும் சேர்த்துப் பின்னுகிறார். படி மறைந்துவிடுகிறது. பின்னாத நேரத்தில் ஓய்வெடுக்கும் நூலை உட்புறமாகவே மேலே கொண்டுபோக வேண்டும். இழுத்துப் பிடித்தால் குல்லா சுருங்கும், தளர விட்டால் ஓட்டை தெரியும். உச்சியில் கண்ணிகளைக் குறைத்து மூடும் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. அவர் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், குல்லா மூடிவிட்டது.

குஞ்சம் கட்டுவதும், நெற்றி அரிக்காமலிருக்க உள்ளே பாலியஸ்டர் துணி தைப்பதும் வேறு இடத்தில், வேறு ஆட்கள். முடிவில் "கையால் பின்னியது" என்று ஒரு சீட்டு தைக்கப்படும். யாருடைய கை என்று அதில் இருக்காது.

சந்துக்கு ஒரு தரகர் உண்டு. இந்தச் சந்தில் அவரும் ஒரு பெண்தான், ஒரு காலத்தில் பின்னியவர். ஏற்றுமதி செய்பவரிடம் நூலை மொத்தமாக வாங்கி வந்து, வீடு வீடாக நிறுத்துக் கொடுக்கிறார். குல்லாவையும் நிறுத்தே வாங்குகிறார். எடை குறைந்தால் கூலியில் பிடித்தம். கோடு சுருங்கியிருந்தால் பிரித்துத் திரும்பப் பின்ன வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. அவர் மேஜையில் இருந்த தராசைப் பார்த்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் பாட்டிமார் விடிவதற்கு முன்னால் நெற்றி விளக்கோடு நிரைக்குப் போய், வெட்டிய ரப்பர் பாலை வாளியில் தூக்கி வந்து பால் ஸ்டோரில் வரிசை பிடித்ததும் இப்படி ஒரு தராசுக்கு முன்னால்தான். கிராணி நிறுப்பார், மெட்ரோலாக் கருவியை உள்ளே விட்டு எத்தனை சதவீதம் ரப்பர் என்று எழுதுவார். அந்த எண் சரியா என்று கேட்க யாருக்கும் வாயில்லை. அன்றைய கூலி அந்த எண்ணில்தான் இருந்தது. ஆனால் தோட்டத்துக்காரன் ஆயிரம் பேரில் ஒருவன். 1954-ல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானபோது சேர்ந்து நிற்க லயங்கள் இருந்தன, பெரட்டுக் களம் இருந்தது. இந்தப் பெண்கள் ஒவ்வொருவரும் தனித்தனி அறையில். அடுத்த சந்தில் குல்லாவுக்கு என்ன கூலி என்பதே அம்மாவுக்குத் தெரியவில்லை. ஒரு குல்லாவின் கூலி அங்கே ஒரு தட்டு மோமோவுக்குக் கொஞ்சம் மேல் என்றார். தமேலில் விலையைப் பார்த்திருந்ததால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

கணவருக்கு மட்டும் என்ன வாழ்கிறது? வெளிநாட்டவரை ஜாகா வேலைக்கு வைப்பதென்றால் மலேசியா நேப்பாளிகளைத்தான் அனுமதிக்கிறது; அதிலும் முன்னாள் படையாட்கள், போலீஸ்காரர்கள். இவரும் பட்டாளத்தில் இருந்தவர். ஆனாலும் காட்மாண்டுவில் ஒரு ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டித்தான் வந்திருக்கிறார். இங்கே அவரும் அங்கே அம்மாவுமாகச் சேர்ந்து அந்தக் கடனை அடைத்திருக்கிறார்கள். மருத்துவச் சோதனை, விசா என்று பெயர் வைத்து இடையில் நின்றவர்கள் பணம் கறப்பது பொறுக்காமல் 2018 மே மாதம் நேப்பாளம் மலேசியாவுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று இரு நாடுகளும் காட்மாண்டுவில் ஒப்பந்தம் போட்டன. ஆள் எடுக்கும் செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்றாயிற்று. இவர் வந்தது 2016-ல். ஆண் உழைப்பை விற்க ஒரு தரகர், பெண் உழைப்பை விற்க ஒரு தரகர். நடுவில் வாடகை அறை. நம் சனங்களைக் கங்காணி கப்பலேற்றியதும் இந்தக் கணக்கில்தான். 1938-ல் இந்திய அரசு தடுக்கும்வரை அது நடந்தது.

இன்று மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஜாகாவுக்கு அந்தச் சட்டமாவது உண்டு. அம்மா யாருடைய சம்பளப் பட்டியலிலும் இல்லை. கணக்கெடுக்க வருபவர் கேட்டால் "வீட்டிலே சும்மாதான் இருக்கிறேன்" என்று அவரே சொல்லிவிடுவாராம்.

தரகர் இல்லாமல் இந்தத் தொழில் ஓடாது என்று சொல்பவர்களுக்கு இரண்டு இடம் காட்டலாம். பெருவில், டிடிகாகா ஏரியின் நடுவே தாகிலே என்று ஒரு தீவு. இதே வடிவக் குல்லாவை அங்கே ஆண்கள் பின்னுகிறார்கள். பையன்கள் சிறுவயதிலேயே ஊசி பிடிக்கக் கற்கிறார்கள். சரக்கைத் தீவின் கூட்டுறவுக் கடையில் வைத்து நிர்ணயித்த விலைக்கு விற்கிறார்கள். அந்த நெசவும் பின்னலும் 2005-ல் யுனெஸ்கோவின் மரபுப் பெருமைகளில் ஒன்றாக அறிவிக்கப்பட்டன.

இன்னொன்று அந்த அம்மாவின் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், லலித்பூர் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. கும்பேஸ்வரர் கும்பகோணத்துக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருப்பவர்கள் அங்கே ஐந்தடுக்குக் கூரையோடு நிற்கும் அவர் கோயிலைப் பார்க்க வேண்டும். அதன் பக்கத்தில் 1983 முதல் நடக்கிறது கும்பேஸ்வர் தொழில்நுட்பப் பள்ளி. தெருக்கூட்டும் சாதியார் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்காகத் தொடங்கியது. பெண்கள் ஸ்வெட்டர் பின்னுகிறார்கள், கம்பளம் நெய்கிறார்கள். விற்ற பணத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள். காட்மாண்டுவில் 1984-ல் தொடங்கிய கைவினை உற்பத்தியாளர் சங்கமும் இந்த வழியில்தான் போகிறது. இவை சின்ன நிறுவனங்கள். பள்ளத்தாக்கில் பின்னும் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை கொடுக்க இவற்றால் ஆகாது.

ஆகவே நேப்பாளம் போகிற மலேசியத் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. தமேலில் பேரம் பேசாமல் கூடுதலாகக் கொடுத்தால் பின்னியவருக்குப் போய்ச் சேரும் என்று எண்ண வேண்டாம். அந்தப் பணம் கடையைத் தாண்டாது. யார் பின்னியது, என்ன கூலி என்று கேட்டால் பதில் சொல்லும் கடையில் வாங்குங்கள்.

சட்டத்துக்கும் வழி இல்லாமல் இல்லை. வீட்டிலிருந்தபடி துண்டுக் கூலிக்கு உழைப்பவர்களும் தொழிலாளர்களே என்று சொல்லும் 177-ஆம் உடன்பாட்டை அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் நிறைவேற்றியது. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் தெற்காசியப் பிரதிநிதிகள் இதே காட்மாண்டுவில் கூடி, வீட்டுத் தொழிலாளர்களுக்காகப் பிரகடனமும் வெளியிட்டார்கள். அந்த உடன்பாட்டை நேப்பாளம் இன்னும் ஏற்கவில்லை. மலேசியாவும் ஏற்கவில்லை.