மாமா மாற்றலாகிப் போன ஊர்கள்

மோட்டார்ஹோம் எடுத்து ஊர் சுற்றுவதெல்லாம் காசுள்ளவர்கள் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். மூன்று இரவுக்கு வாடகை கேட்டபோது அந்த நினைப்பு இன்னும் உறுதியானது. மனைவி விடவில்லை. "ஹோட்டல்ல தங்குனா அந்த ஊருக்குப் போன மாதிரியே இருக்காதுங்க. ஸ்டேஷன் பக்கத்துல படுத்துத் தூங்கணும்" என்றாள். சிறுவயதில் அவள் தூங்கியதெல்லாம் ரயில்வே குவாட்டர்ஸில்தான்.

மாமா தண்டவாளப் பராமரிப்பு வேலையில் இருந்தவர். கிம்மாஸ், கோலா லிப்பிஸ், குவா மூசாங் என்று கிழக்குக்கரைப் பாதையிலேயே மாற்றல் வாங்கிக்கொண்டிருந்தார். கிம்மாஸிலிருந்து தும்பாட் வரை போகும் அந்தப் பாதை முழுமையானது 1931-இல். ஜப்பான்காரன் காலத்தில் அதன் தண்டவாளங்களில் ஒரு பகுதியைப் பெயர்த்துச் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைக் கொண்டுபோனதும் அதே வேலைக்குத்தான். மாமா இதையெல்லாம் பேசமாட்டார். மழைக்காலத்தில் மண் சரிந்த கதைகளை மட்டும் சொல்வார்.

கிம்மாஸ் அவளுக்கு நினைவில்லை, மூன்று வயதில் கிளம்பிவிட்டாள். பழைய ஸ்டேஷனை ஒரு சுற்று சுற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினோம்.

லிப்பிஸ்தான் அவளுக்கு ஊர். ஜெலாய் ஆறும் லிப்பிஸ் ஆறும் சேரும் இடம், 1955 வரை பகாங்கின் தலைநகர். குவாட்டர்ஸ் இருந்த இடத்தில் புல் முளைத்துக் கிடந்தது. அவள் அதற்குக் கலங்கவில்லை. நேரே தமிழ்ப்பள்ளிக்குப் போகச் சொன்னாள். பள்ளி விடுமுறை, கேட் பூட்டியிருந்தது. வெளியே நின்று பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'தேசிய வகை'யைத் தாண்டவே நேரமானது. நான் வாயைத் திறந்தேன். "சொல்லாதீங்க" என்றாள்.

இரண்டு வருடம் அங்கே படித்தாள். பிறகு மாமாவுக்கு குவா மூசாங் மாற்றல். அங்கே தமிழ்ப்பள்ளி கிடையாது. கிளந்தான் மாநிலம் முழுவதற்கும் ஒரே தமிழ்ப்பள்ளிதான், அதுவும் கோலா கிராய் பக்கம் ஒரு தோட்டத்தில். ஆக மலாய்ப் பள்ளி. பயணிகள் ரயிலில் விட்டுப்போன தமிழ்ப் பேப்பர்களை மாமா பொறுக்கிக்கொண்டு வருவாராம். நேற்றையது, போன வாரத்தது என்று கலந்து கிடக்கும். அதில் சினிமா விளம்பரத்தை மட்டும் இவள் படிப்பாள். வேலை அசதியில் அவருக்கும் உட்கார்ந்து சொல்லித்தரப் பொழுதில்லை. அவ்வளவுதான், தமிழ் நின்றுபோனது.

தமிழ் படிக்காதவர்களைப் பற்றி நம் இலக்கியக் கூட்டங்களில் பேசும்போது பெற்றோரின் அலட்சியம் என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறோம். ஒரு மாற்றல் கடிதம் போதும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

மெராப்போ தாண்டி மாலையில் குவா மூசாங் வந்தோம். பழைய ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே செங்குத்தாகச் சுண்ணாம்புப் பாறை நிற்கிறது. ஒரு ஒட்டுக்கடையில் நாசி கெராபு வாங்கப் போனவள் அரைமணி நேரம் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால், கடைக்கார மக்சிக்கோடு கிளந்தான் மலாயில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பாதி புரியவில்லை. இருபது வருடமாக என்னோடு தமிழில் யோசித்து யோசித்துப் பேசும் பெண்ணா இவள்? அந்த அம்மாள் என்னைப் பார்த்து, இவள் எங்க ஊர்க்காரி, நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்டார். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அன்றிரவு வண்டிக்குள் படுக்கை குறுகல், கொசு வேறு. நடுராத்திரி சரக்கு ரயில் ஒன்று போனது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை.

இதை எழுதியதும் வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். வேண்டாம், பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுங்க என்றாள். கொடுத்து நான்கு நாளாகிறது. இரண்டாம் பத்தியில் இருக்கிறாள்.