பாறையும் நீரும்: தருமபுரி மலைநாட்டில் ஒரு பயணம்

சேலத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை தொப்பூர்க் கணவாயில் வளைந்து ஏறுகிறது. பாரம் சுமந்த லாரிகளின் பின்னால் மெல்ல ஊர்ந்து அவ்வேற்றத்தைக் கடந்தபோது, பீடபூமி ஒன்றின்மேல் வந்துவிட்டதை உணர்ந்தோம். முன்னாளில் பாராமகால் என வழங்கிய நாட்டின் ஒரு பகுதி இது. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிய இந்நிலம், 1965இல் சேலத்தினின்று பிரிந்து தருமபுரி மாவட்டமாயிற்று. 2004இல் அதனின்று கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது.

எத்திசை நோக்கினும் மலைகளே. தருமபுரி நகருக்கு அண்மையில் வத்தல்மலை. கிழக்கே அரூர்ப் பக்கம் சித்தேரி மலையும் தீர்த்தமலையும். தெற்கே சேர்வராயன் மலை. மேற்கே காவிரிக்கரைக் காடுகள். கிழக்குத் தொடர்ச்சி மலை, மேற்குத் தொடர்ச்சியைப் போல் நெடுஞ்சுவராய் நில்லாது, ஆறுகளால் அறுபட்டுத் தனித்தனிக் கூட்டங்களாய் நிற்பது. சேர்வராயன் மலையில் பிறக்கும் வாணியாறு இக்குன்றுகளினூடே ஓடித் தென்பெண்ணையில் கலக்கிறது. சித்தேரி மலைவாழ் மக்களோ சரிவுகளில் சாமை விதைத்து வானத்தை நோக்கி வாழ்கின்றனர்.

பென்னாகரத்தைக் கடந்து, மலைப்பாதையில் இறங்கி ஒகேனக்கல்லை அடைந்தோம். கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை. ‘கல்’ என்றால் பாறை. வீழும் நீர் புகையெனத் தோன்றுவதால் வந்த பெயர். பரிசலில் சென்றபோது இருமருங்கும் பாறைச் சுவர்கள் உயர்ந்து நின்றன. இப்பகுதியில் காணப்படும் கார்பனடைட் என்னும் அரிய பாறை ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் பழமையானது. அவ்வகையில் உலகிலேயே மிகத் தொன்மையானவற்றுள் ஒன்று.

இத்தனை நீர் அருகே ஓடியும் ஊர்கள் நெடுங்காலம் தவித்தன. காவிரி பள்ளத்தில், ஊர்களோ மேட்டில். மக்கள் நம்பியது கிணற்றையும் ஆழ்குழாய்க் கிணற்றையுமே. பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கும் நீரில், பாறையிலுள்ள ஃபுளோரைடு கரைகிறது. அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமை மிஞ்சினால் கேடு. குழந்தைகளின் பற்களில் அழியாக் கறை படியும். ஆண்டுக்கணக்கில் அருந்துவோர்க்கு எலும்பும் மூட்டும் இறுகும்.

திரும்பும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் அதைக் கண்ணாரக் கண்டோம். முதியவர் ஒருவர், கீழே விழுந்த துண்டை எடுக்கக் குனிய இயலாமல் பேரனை அழைத்தார். எடுத்துக் கொடுத்துச் சிரித்த சிறுவனின் பற்களில் பழுப்புக் கோடுகள்!

“எல்லாம் தண்ணீர் செய்த வேலை, ஐயா. இப்போது காவிரித் தண்ணீர் வருகிறது. வராத நாளில் பழைய குழாய்த் தண்ணீர்தான்” என்றார் பெரியவர்.

ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. பள்ளத்து ஆற்றை மேட்டுக்கு ஏற்றிய அரும்பணி அது. ஆயினும் வீட்டில் நாம் விழிப்பாய் இருத்தல் வேண்டும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் மடியும். ஃபுளோரைடு நீங்காது, நீர் வற்ற வற்றச் செறிவே கூடும். பற்கள் உருவாகும் முதல் எட்டு ஆண்டுகளிலேயே கறைக்கு வித்திடப்படுகிறது. ஆகவே கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். காவிரி நீரோ, தூய்மையாய்ச் சேமித்த மழைநீரோ ஒரு குடமே கிடைத்தாலும், அதைக் குழந்தைகளின் குடிநீருக்கும் சமையலுக்கும் முதலில் ஒதுக்குங்கள். குளிக்கவும் துவைக்கவும் மற்ற நீர் போதும்.