பச்சிளங் குழந்தையின் எலும்பும் வயதுக் கணக்கும்

பழங்காலக் குழந்தைகளின் வாழ்க்கையை ஆராய்வதற்கு ஏடுகள் ஓரளவே உதவும். குழந்தைகள் பெரும்பாலும் எதையும் எழுதிவைக்கவில்லை. அவர்களைப் பற்றிப் பெரியவர்கள் எழுதியவற்றில் பெரியவர்களின் கவலைகளே நிறைந்திருக்கின்றன. இடைக்கால ஐரோப்பாவில் குழந்தைப் பருவம் என்ற எண்ணமே இருக்கவில்லை என்று 1960இல் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபிலிப் ஆரியே வாதிட்டார். அதை ஏற்றும் மறுத்தும் அலமாரி கொள்ளாத அளவு புத்தகங்கள் வந்துவிட்டன. ஆனால் குழந்தை என்ன தின்றது, எப்போது பால்குடி மறந்தது, எந்த வயதில் நோயில் விழுந்தது என்பவற்றுக்கு எலும்பையும் பல்லையும்தான் கேட்க வேண்டும்.

அவை கைக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. நிறைமாதக் குழந்தையின் தொடை எலும்பு 7 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். ஈறுக்குள் வளர்ந்துகொண்டிருந்த பாற்பற்கள் வேரில்லாத குட்டித் தொப்பிகளைப் போலிருக்கும். கண் அகன்ற சல்லடையில் சலித்தால் இவை மண்மேட்டோடு போய்விடும். தப்பியவையும் கோழி எலும்பு, ஆட்டுக்குட்டி எலும்பு என்று விலங்கெலும்புப் பையில் விழும். குழந்தைகளின் எலும்புகள் மக்கிப்போயின என்று சொல்லும் அகழாய்வு அறிக்கையில் சல்லடைக் கண்ணின் அளவு குறிக்கப்படவில்லை என்றால் அந்த முடிவை நம்புவதற்கில்லை.

அடுத்தது வயது. இந்தத் துறையில் இதைவிடப் பிடிவாதமான சிக்கல் வேறில்லை. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் ஹாம்பிள்டன் என்ற ஊரில் ஒரு ரோமானிய மாளிகை இருந்தது. 1912இல் அதைத் தோண்டிய ஆல்ஃப்ரட் காக்ஸ், 97 சிசுக்கள் அங்கே புதைக்கப்பட்டிருந்ததைப் பதிவுசெய்தார். அருங்காட்சியகப் பெட்டிகளில் கிடந்த அந்த எலும்புகளில் அளக்கத்தக்கவற்றை ஆய்வாளர்கள் சைமன் மேஸும் ஜில் எயர்ஸும் அளந்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். வயதுகள் நிறைமாதத்தை ஒட்டிக் குவிந்திருந்தன. இயற்கையான சாவென்றால் குறைப்பிரசவமும், பிறந்து சில வாரங்களில் நேரும் இறப்பும் கலந்து வயதுகள் பரவலாக இருக்கும். குவிந்திருப்பதால் இது சிசுக்கொலை என்பது அவர்கள் வாதம். செய்தித்தாள்களிலோ அந்த மாளிகையே விலைமாதர் விடுதி ஆகிவிட்டது. விடுதிக்குத் தனிச் சான்று எதுவும் தேவைப்படவில்லை. தலைப்பு ஒன்றே போதுமாயிருந்தது.

குவிதல் மெய்தானா என்பதையே முதலில் கேட்டிருக்க வேண்டும். எலும்பின் நீளத்தை வயதாக மாற்றும் வாய்ப்பாடு, வயது தெரிந்த ஒரு மாதிரித் தொகுதியிலிருந்து பிறக்கிறது. சாதாரணப் பின்னடைவுக் கணக்கில், அந்தத் தொகுதியில் எந்த வயதினர் மிகுதியோ அந்தப் பக்கமாகவே புதிய எலும்புகளின் வயதும் இழுபடும். ரெபெக்கா கௌலண்டும் ஆண்ட்ரூ சேம்பர்லினும் இதை 2002லேயே எடுத்துக்காட்டினார்கள். ரோமானிய பிரிட்டனின் சிசு எலும்புகளை, இந்தச் சாய்வைத் தவிர்க்கும் பேயீசிய முறையில் கணக்கிட்டபோது நிறைமாதத்தை ஒட்டிய மேடு தட்டையாகி, இயற்கைச் சாவின் வடிவத்துக்கு நெருங்கி வந்தது. மேஸ் தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. விவாதம் நேர்மையாகவே நடந்தது. ஒரு சமூகத்துத் தாய்மார்கள்மேல் கொலைப்பழி சுமத்துமுன் வாய்ப்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது அடிப்படைக் கடமை. இன்றைய மாணவர்கள் மென்பொருளில் அளவை உள்ளிட்டு, வரும் வயதை அப்படியே அட்டவணையில் ஏற்றுகிறார்கள்; எந்தத் தொகுதியின் வாய்ப்பாடு என்று கேட்டால் பதில் வருவதில்லை.

புதைத்த இடத்தையும் குற்றத்துக்குச் சாட்சியாக்குவது வழக்கமாகிவிட்டது. பல் முளைக்குமுன் இறந்த குழந்தையை எரிப்பதில்லை என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். வீட்டையும் அதன் சுற்றையும் ஒட்டிச் சிசுக்களைப் புதைப்பது ரோமானிய பிரிட்டனில் பரவலாக இருந்தது. ஆகவே இடத்தை மட்டும் வைத்து மறைப்பு என்று சொல்ல முடியாது.

சற்று வளர்ந்த குழந்தைகளின் வயதைப் பல் நம்பகமாகச் சொல்லும். பட்டினி எலும்பின் வளர்ச்சியைத் தடுக்கும் அளவுக்குப் பல்லின் வளர்ச்சியைத் தடுப்பதில்லை. அதனால் பல்லால் வயதையும் எலும்பால் உயரத்தையும் கண்டு இரண்டையும் ஒப்பிடலாம். யார்க்ஷயரில் கைவிடப்பட்ட இடைக்காலக் கிராமமான வாரம் பெர்சியில் 687 எலும்புக்கூடுகள் கிடைத்தன. அங்கே குழந்தைகள் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குன்றியிருந்தது இவ்வாறுதான் தெரிந்தது. பால் குடிக்கும் குழந்தையின் உடலில் நைட்ரஜன் ஐசோடோப்பு அளவு தாயினுடையதைவிட உயர்ந்திருக்கும். பால் நின்றதும் இறங்கும். அவ்வூரில் ஏறத்தாழ ஒன்றரை வயதில் பால்குடி மறக்கடித்தார்கள் என்று அந்த இறக்கம் காட்டியது.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கல்லறையில் கிடப்பவர்கள் பிழைக்காத குழந்தைகள். ஓடியாடி வளர்ந்து பெரியவர்களானவர்களின் உயரமும் உணவும் வேறாக இருந்திருக்கலாம். 1992இல் ஜேம்ஸ் வுட்டும் உடன் ஆய்வாளர்களும் இதை விரிவாக எழுதினார்கள். இன்று அந்தக் கட்டுரை எல்லா முன்னுரைகளிலும் மேற்கோளாகிறது, முடிவுரை எழுதும்போது மறக்கப்படுகிறது.

ஆணா பெண்ணா என்பதைக் குழந்தையின் எலும்பின் வடிவம் உறுதியாகச் சொல்லாது. மரபணு ஆய்வுக்கு அடுத்து, 2017 முதல் பற்சிப்பியின் புரதக்கூறுகளைக் கொண்டும் அதை அறிய முடிகிறது. மேற்பரப்பை அமிலத்தால் லேசாக அரித்தாலே போதும். நல்ல முறைதான். ஆயினும் வேறு சில சோதனைகளுக்குப் பல்லை வெட்டவோ பொடிக்கவோ வேண்டியிருக்கிறது. அதன் வளர்ச்சிநிலையைப் படமெடுத்துப் பதியாமல் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டால், அந்தக் குழந்தையின் வயதைச் சரிபார்க்கப் பிறகு வருபவருக்கு வழி இருக்காது.